சில்லுவோட சொந்தக் குரல்

குளக்கரைக்குக் கீழ ஒரு நாவல் மரம். அந்தக் காட்டுச் சேதியெல்லாம் அங்கதான் வந்து இறங்கும். கொண்டு வர்றது மைனாக்கள். கீழ உக்காந்து கேக்குறது முயல்கள்.

மைனாக்கள்ல சில்லுன்னு ஒண்ணு. றெக்கையை விட அதுக்கு வாய் நீளம்! ஆமை சேதி குடுத்தா ஆமைக் குரல், மான் குடுத்தா மான் குரல். அச்சு அசலா ஒப்பிக்கும். அதுல அவ்ளோ பெருமை!

இது நரிக்கு வசதியாப் போச்சு. "ஓடைப் பக்கம் கிழங்கு கெடக்காம், மான் சொல்லுச்சுன்னு சொல்லிடு"ன்னு ஒரு மைனாவை அனுப்புச்சு. மைனாவும் யோசிக்காம மான் குரல்ல ஒப்பிச்சுது. கிழங்கு தின்னப் போன முயல் எதுவும் திரும்பல. அந்த மைனாவும் பயந்து காட்டை விட்டே பறந்துருச்சு, அதனால அனுப்புனது யாருன்னும் தெரியல.

அன்னைலருந்து மரத்துக்குக் கொக்கு காவல். "சேதி யாரோடதோ அவங்களே வரணும்! சொந்தக் குரல்ல சொல்லணும்! அவ்ளோதான்!"

ஒரு நாள் காலைல ஆமை பொன்னாத்தா பதறிப் போய்க் கூப்பிட்டுச்சு. "சில்லு! குளக்கரை விரிசல் விட்டிருக்குடி! கீழ முயல் வளையெல்லாம் இருக்கு. நான் நடந்து போறதுக்குள்ள எல்லாம் முழுகிரும். நீ பற!"

சில்லு பறந்துச்சு. கிளையில உக்காந்து ஆமைக் குரல்ல ஆரம்பிச்சுது.

"நில்லு!"ன்னுச்சு கொக்கு. "குரல் ஆமை, றெக்கை மைனா. ஒத்துப் போகல. கெளம்பு!"

"யோவ், ஆமை எப்படிய்யா மரம் ஏறும்?"

"அது ஆமையோட கவலை."

"கரை உடைஞ்சா?"

"விதி உடையக் கூடாது!"

கொத்தி விரட்டிடுச்சு. சில்லுவுக்குக் கோவம் பொங்குச்சு. 'ஆமை சேதின்னாதானே ஆமை வரணும்? என் சேதியாவே ஆக்கிடுறேன்!' நேரா கரைக்குப் போச்சு. விரிசல்ல மூக்கை விட்டுப் பாத்துச்சு. தண்ணி பீச்சி அடிச்சுது!

திரும்பி வந்தா, மரத்தடியில நரி நிக்குது.

"வணக்கம் கொக்கண்ணே! என் சேதி, என் குரல்!"

"விதிப்படி சரியா இருக்கு. சொல்லு!"

"முயல் சொந்தங்களே! கரைக்கு அடியில இளம்புல்லு தளதளன்னு கெடக்கு! குட்டிகளோட வாங்க! இன்னைக்கு மட்டும்தான்!"

"நரியாச்சே?"ன்னுச்சு ஒரு முயல்.

"நரிதான். ஆனா விதிப்படி வந்த நரி!"ன்னுச்சு இன்னொண்ணு. கூட்டம் கெளம்பிடுச்சு.

சில்லு பாஞ்சு கிளையில உக்காந்துச்சு.

"யாரு சேதி?"ன்னு கொக்கு அதட்டுச்சு.

"என் சேதி!"

சொல்லிட்டு அதுவே பயந்து போச்சு. பொறந்ததுல இருந்து ஊரார் குரல்லயே பேசிட்டு, சொந்தக் குரலை அது கேட்டதே இல்ல. காஞ்ச ஓலையைத் தரையில இழுத்த மாதிரி கரகரன்னு வந்துச்சு. முயல்கள் கெக்கெக்கேன்னு சிரிச்சுது.

"சிரிங்க! சிரிச்சுக்கிட்டே மேட்டுக்கு ஓடுங்க! கரை உடையப் போகுது! ஆமை பாத்துச்சு, நானும் போய்ப் பாத்தேன். பொய்யா இருந்தா இதே கிளையில உக்காருறேன், ஆளுக்கொரு எறகு பிடுங்கிக்கோங்க! நரியண்ணே, புல்லு இல்லேன்னா வாலை அறுத்துத் தர்றேன்னு நீ சொல்லு பாப்போம்!"

நரி வாலைச் சுருட்டிக்கிச்சு.

முயல்கள் அந்த வாலைப் பாத்துச்சு. அடுத்த நிமிஷம் குட்டிகளைக் கவ்விக்கிட்டு மேட்டைப் பாத்து ஒரே ஓட்டம்! "ஆமை சேதியும் இதுல கலந்திருக்கு!"ன்னு கொக்கு சில்லுவை விடாம கொத்துச்சு. கடைசி முயல் ஏறுற வரைக்கும் சில்லு கிளையை விடவே இல்ல.

கரை படார்னு உடைஞ்சுது. தண்ணி வளையெல்லாம் ரொப்பிட்டுக் கொக்கோட முட்டி வரைக்கும் வந்துச்சு. நரி போன எடம் தெரியல.

எறகு பிஞ்ச சில்லு கரகரன்னு கேட்டுச்சு: "கொக்கண்ணே, இந்தத் தண்ணி சொந்தக் குரல்லதான் வந்துச்சா? விசாரிச்சுட்டுத்தானே உள்ள விட்டீங்க?"

சேதியைக் கொண்டு போறவன் சரிபாத்துத் தன் பேர்ல சொல்லணும், காவல் நிக்கிறவன் குரலை மட்டும் சோதிக்காம சேதியையும் காது குடுத்துக் கேக்கணும்.