கும்பத்துக்கு ஜோடி பூட்டிய கதை

அச்சங்குளத்துக்காரர்களைப் பற்றிச் சுத்துப்பட்டு ஊர்களில் ஆயிரம் சொல்வார்கள். அதில் தொள்ளாயிரம் பொய். மிச்ச நூறில் ஒன்று இது.

அந்த ஊரில் வீட்டுக்கு வீடு மாட்டு வண்டி. அதனால் அவர்களுக்கு நுகத்தடி மேல் அப்படி ஒரு நம்பிக்கை. அண்ணன் தம்பிக்குள் சண்டையா, பஞ்சாயத்துக் கூட்ட மாட்டார்கள். ரெண்டு பேர் கழுத்திலும் நுகத்தடியைப் பூட்டிக் குளத்தங்கரை வரைக்கும் நடக்க விடுவார்கள். கால் ஒத்து வந்தால் கூட்டுக் குடித்தனம், ஒத்து வராவிட்டால் பாகப்பிரிவினை. மாட்டுக்குச் சரியாக இருப்பது மனுசனுக்கு ஏன் சரியாக இருக்காது என்பது அவர்கள் கேள்வி. அதற்குப் பதில் சொல்கிற ஆள் அந்த ஊரில் பிறக்கவில்லை, வெளியூரிலிருந்து வந்து சொன்னவர்களும் ஊர் திரும்பும்போது யோசித்துக்கொண்டேதான் போனார்கள்.

அந்த ஊரில் குழந்தைவேலு என்று ஒருவன். பேர்தான் குழந்தை, வயசு முப்பத்தாறு. ஏழு இடத்தில் பெண் பார்த்து ஏழும் தட்டிப் போயிருந்தது. குறை அவன் மேல் இல்லை, கூடப் போன சொந்தக்காரர்கள் மேல். ஏழாவது வீட்டில் பெண்ணைப் பெற்றவர், "கை நனைச்சிட்டுத்தான் போகணும்" என்று அன்பாகச் சொன்னார். இவர்கள் வரிசையாக எழுந்து, அண்டாத் தண்ணீரில் ஆளுக்கொரு தரம் கையை முக்கிவிட்டுக் கும்பிட்டுக் கிளம்பிவிட்டார்கள். உள்ளே வடையும் பாயசமும் ஆறிப் போயின. சம்பந்தமும் ஆறிப் போனது.

எட்டாவது இடம் மேலப்பந்தல். பெண் பேர் வடிவாம்பா. பெண் பார்க்கப் போன அன்றைக்குக் குழந்தைவேலு வாசற்படியில் தடுக்கி விழுந்தான். வடிவாம்பா சிரித்தாள். சிரித்துவிட்டு, "கால்ல அடி பட்டுட்டா?" என்று கேட்டாள். முப்பத்தாறு வருசத்தில் அவனிடம் ஒரு பெண்பிள்ளை கேட்ட முதல் கேள்வி அதுதான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கேள்விக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டோமே என்று வேறு கவலை.

வடிவாம்பாவின் அப்பா திருமலையப்பன் கோவில் கொடைத் திருவிழாவுக்குக் கும்மிப் பாட்டுக் கட்டுகிறவர். காது கூர்மை. ஒரு சொல் பிசகினால் சாமி வந்தவனைக்கூட நிறுத்தித் திருத்துவார். அவர் சொன்னார்:

"எங்க வீட்டுல ஒரு வழக்கம் உண்டு. நிச்சயத்தன்னிக்கு மாப்பிள்ளை வீட்டார், மாப்பிள்ளை ராசியை வச்சு ஒரு பாட்டுப் படிக்கணும். ராசிப் பேருல ஒரு வரி முடியணும். மிச்ச வரியெல்லாம் அதுக்கு ஜோடி சேர்ற சொல்லுல முடியணும். மாப்பிள்ளைக்கு என்ன ராசி?"

"கும்பம்" என்றார் தாய்மாமன் வெயிலுகந்தான். பனைமரத்தில் பாதி உயரம், ஊரில் நுகத்தடித் தீர்ப்பெல்லாம் அவர்தான்.

"நல்ல ராசி. நாலு சொல்லு போதும். ரெண்டு அச்சுல வார்த்தாப்பல இருக்கணும். ரெண்டு ஓரளவுக்கு ஒட்டி வந்தாலும் பாதகமில்ல."

"சேருதா சேரலையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அது என்ன பெரிய வித்தையா? ஜோடி மாடு மாதிரி ரெண்டு சொல்லும் கால் மாறாம நடக்கணும். நடந்தா சேருதுன்னு அர்த்தம். பாட்டுச் சேரலைன்னா தட்டு மாறாது. இப்பமே சொல்லிட்டேன்."

திரும்பி வரும்போது குழந்தைவேலு பாதி வழியில் நின்றுவிட்டான். "மாமா, நமக்குப் பாட்டுத் தெரியாதே."

"பாட்டுத் தெரியாட்டா என்ன மருமவனே. மாடு தெரியுமில்ல?" என்றார் வெயிலுகந்தான்.

மறுநாள் களத்துமேட்டில் நுகத்தடியைக் கொண்டுவந்து போட்டார்கள். ராசி யாருடையதோ அவன்தான் அந்தச் சொல்லைச் சுமக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஆக, குழந்தைவேலு கும்பம். மற்றவர்கள் ஆளுக்கொரு சொல்லோடு வந்து, அவனோடு கழுத்தைக் கொடுத்து, சொல்லை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். கால் ஒத்தால் ஜோடி.

ஒன்றை மட்டும் அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. நிச்சயத்துக்கென்று சந்தையில் வாங்கிய புதுச் செருப்பைக் குழந்தைவேலு பழக்கிக்கொண்டிருந்தான். அது இடது குதிங்காலைக் கடித்தது. வலது காலை ஊன்றி, இடது காலைத் தூக்கி, கோழி சகதியைத் தாண்டுவதுபோல நடந்தான்.

முதலில் வெயிலுகந்தான் வந்தார். ராத்திரியெல்லாம் கும்பம் கும்பம் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்து, விடிந்ததும் தச்சர் வீட்டு வழியாக வந்தபோது அங்கே தொங்கின ரம்பம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. நுகத்தடியைத் தூக்கியதும் அவர் பக்கம் ஆகாசத்துக்கும் இவன் பக்கம் தரைக்குமாகச் சாய்ந்தது. "ரம்பம்" என்று அவர் ஒரு எட்டு வைக்க, "கும்பம், கும்பம்" என்று இவன் ரெண்டு எட்டு ஓடினான். புளியமரம் வரைக்கும் போய் ரெண்டு பேரும் விழுந்தார்கள்.

"சேரல" என்றார் பெரியப்பா பூசைத்துரை. அப்பா இல்லாத பிள்ளைக்கு அப்பா ஸ்தானம் அவர்.

"புளியமரம் வரைக்கும் சேர்ந்துச்சேண்ணே."

"அப்ப ஒட்டுச் சொல்லுல வை."

அடுத்துப் பூசைத்துரை. அவர் சொல் கம்பம். கோவில் கொடிக்கம்பத்தடியில் உட்கார்ந்து யோசித்ததில் கிடைத்ததாம். நுகத்தடியில் கழுத்தைக் கொடுத்தார், "கம்பம்" என்றார், நின்றார்.

"நடங்க பெரியப்பா."

"கம்பம் நடக்குமாலே?"

குழந்தைவேலு இழுத்துப் பார்த்தான். அவர் அசையவில்லை. இவன் நுகத்தடியோடு அவரைச் செக்குமாடு மாதிரி மூணு சுற்றுச் சுற்றி வந்தான்.

"விட்டு விலகாம சுத்துறான்ல, அதுவும் ஒட்டுறதுதான்" என்று வெயிலுகந்தான் தீர்ப்புச் சொன்னார். ஒட்டுச் சொல் ரெண்டும் கிடைத்தாயிற்று. அச்சுச் சொல் ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சந்தையிலிருந்து சித்தப்பா மாடக்கண்ணு வந்தார், தோளில் ஒரு பூசணிக்காயோடு. "சித்தப்பா, உங்க சொல்லு எங்க?" என்றான் குழந்தைவேலு. அவர் ரொம்ப நேரம் யோசித்தார்.

"எனக்கு வேற ஒண்ணும் ஓடல. பூசணிக்காய்."

அவர் காலிலும் புதுச் செருப்பு. அதே கடையில் அதே நாளில் வாங்கியது. கடித்ததும் அதே இடது குதிங்கால். நுகத்தடியைப் பூட்டினதுதான் தாமதம், "கும்பம், பூசணிக்காய், கும்பம், பூசணிக்காய்" என்று ரெண்டு பேரும் ஒரே மாதிரி நொண்டிக்கொண்டு குளத்தங்கரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்கள். சோதனைக்கென்று நுகத்தடியில் வைத்த செம்புத் தண்ணீர்கூடச் சிந்தவில்லை.

வெயிலுகந்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. "அச்சு" என்றார். "அச்சுல வார்த்த சொல்லு."

"மாமா," என்றான் குழந்தைவேலு, "எனக்கு என்னமோ ரம்பம்ங்கிறதுதான் காதுக்கு நல்லாருக்கு. பூசணிக்காய் கொஞ்சம் இடிக்குது."

"காதால கேட்டா மாடு வாங்குவோம் மருமவனே? நடக்க விட்டுத்தான வாங்குவோம்."



இன்னும் ஒரு அச்சுச் சொல் பாக்கி. ஆளெல்லாம் தீர்ந்து போனது. "இது என்னடா துன்பம்" என்று பூசைத்துரை பெருமூச்சு விட்டார். உடனே வெயிலுகந்தான், "சொல்லு கிடைச்சிட்டு. ஆள்தான் வேணும்" என்றார். அவர்கள் வீட்டு மாடு மயிலை ஓரமாக நின்று வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. அதன் காதில் மூணு தரம் "துன்பம், துன்பம், துன்பம்" என்று சொல்லிக் குழந்தைவேலுவோடு பூட்டினார்கள். மயிலை பிறந்ததிலிருந்து நுகத்தடியில் நடந்த மாடு. பக்கத்தில் நொண்டுகிறவன் எவ்வளவு நொண்டினானோ அவ்வளவுக்கு அதுவும் நிதானித்து, அவன் நின்றால் நின்று, நடந்தால் நடந்து, குளத்தங்கரையில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியது.

"நிச்சய வீட்டுல போய்த் துன்பம்னு பாடவா?" என்று குழந்தைவேலு அழாத குறையாகக் கேட்டான். "அதுக்கு இன்பம்னு பாடலாமே."

"இன்பம் நல்ல சொல்லுதான்" என்றார் பூசைத்துரை. "ஆனா துன்பத்துக்கு மாடு இருக்கு. இன்பத்துக்கு ஆள் இல்லையே."

எட்டு நாள் கழித்து நிச்சயம். மயிலையை வண்டியில் பூட்டி, நுகத்தடி இன்னொன்றும் கையோடு எடுத்துக்கொண்டு மேலப்பந்தல் போனார்கள். மாடக்கண்ணு பூசணிக்காயையும் விடவில்லை. சொல்லைக் கையில் வைத்திருந்தால் மறக்காது என்றார்.

முற்றத்தில் ரெண்டு தாம்பூலத் தட்டும் தயாராக இருந்தன. திருமலையப்பன் கண்ணை மூடிக்கொண்டு, "ம், படிங்க" என்றார். மூணு பேரும் தொண்டையைக் கனைத்துப் பாடினார்கள்:

மாப்பிள்ளை ராசி மங்கலக் கும்பம்
மாமன் கையிலே பூசணிக்காய்
வாழ்நா ளெல்லாம் கூடவே துன்பம்
வாசலில் நிக்குது ரம்பம் கம்பம்

முதல் வரிக்குத் திருமலையப்பன் தலை ஆடியது. ரெண்டாவது வரியில் தலை நின்றது. மூணாவது வரியில் கண் திறந்தது.

"ரம்பம் சேருது, கம்பம் சேருது. நல்ல காரியத்துல பாடுற சொல்லு இல்லைன்னாலும் துன்பம் ஓரளவுக்கு ஒட்டி வருது. இந்தப் பூசணிக்காய் எங்கிருந்துவே வந்துச்சு?"

"சந்தையிலருந்து" என்றார் மாடக்கண்ணு.

"அதுதாங்க அச்சுச் சொல்லு" என்றார் வெயிலுகந்தான் நிதானமாக. "ரம்பம் புளியமரத்தைத் தாண்டாது. நீங்களே பாருங்க."

நுகத்தடியைப் பூட்டினார்கள். ஆனால் முற்றத்துக்குள் செருப்புப் போடக்கூடாதே. எட்டு நாளாகத் தேங்காயெண்ணெய் தடவிக் குழந்தைவேலுவின் கால் ஆறிப் போயிருந்தது. மாடக்கண்ணுவிடம் செருப்புக் கடைக்காரர், "பழகுற வரைக்கும் போட்டுக்கிட்டே இரும்" என்று சொல்லியிருந்ததால் அவர் தூங்கும்போதும் கழற்றவில்லை. குதிங்கால் புண்ணாகியிருந்தது. இவன் நேராக நடக்க, அவர் நொண்ட, "கும்பம்" முன்னால் போக, "பூசணிக்காய்" பின்னால் இழுபட, நாலாவது எட்டில் ரெண்டு பேரும் தாம்பூலத் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தார்கள்.

திருமலையப்பன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எழுந்தார். "தட்டு மாறாது."

குழந்தைவேலு கழுத்தில் நுகத்தடியோடு தரையில் உட்கார்ந்திருந்தான். எட்டும் போயிற்று. சொந்தக்காரர்கள் மூணு பேரும், எந்தச் செருப்பு, எந்தக் கால் என்று ஆராய்ச்சியில் இருந்தார்கள்.

கதவுக்குப் பின்னால் நின்ற வடிவாம்பா வெளியே வந்தாள். அவன் முன்னால் நின்றாள்.

"கால்ல அடி பட்டுட்டா?"

"அன்னிக்குப் படல" என்றான் குழந்தைவேலு. "இன்னிக்குப் பட்டிருக்கு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, நடந்தா சேருதுன்னு நீங்கதான சொன்னீக?"

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா."

"பேச்சு பேச்சுதான." வெயிலுகந்தானிடம் திரும்பினாள். "ஏதாவது சொல்லு மிச்சம் இருக்கா?"

"இன்பம்னு ஒண்ணு கெடக்கு தாயி. ஆள் இல்லாம."

"அதை எனக்குக் குடுங்க."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நுகத்தடியின் அந்தப் பக்கம் கழுத்தைக் கொடுத்தாள். "கும்பம்" என்றான் அவன். "இன்பம்" என்றாள் அவள். முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். கால் மாறவில்லை. ரெண்டாவது சுற்றில் திருமலையப்பன் தன்னையறியாமல் தொடையில் தாளம் போட்டார். மூணாவது சுற்றில் கண்ணை மூடிவிட்டார்.

"காதுக்கும் சேருதே" என்றார் மெல்ல.

"காலுக்குச் சேர்ந்தா காதுக்குச் சேராம எங்க போகும்" என்றார் வெயிலுகந்தான்.

தட்டை எடுத்தார்கள். கை மாறப் போகிற நேரம், வெயிலுகந்தான் கையைக் குறுக்கே நீட்டினார்.

"கொஞ்சம் பொறுங்க. பூசணிக்காய்தான் விழுந்துட்டே. அப்ப இவனோட முதல்ல அச்சா நடந்தது மயிலை. அதைக் கேக்காம எப்படி?"

"நியாயம்" என்றார் பூசைத்துரை.

இப்படி ஒரு பேச்சை எட்டு நாளைக்கு முன்னால் கேட்டிருந்தால் திருமலையப்பன் கையில் கிடைத்ததை எடுத்து எறிந்திருப்பார். இப்போது அவரும், "நியாயம்தான்" என்றார். தட்டோடு எல்லாரும் வாசலுக்குப் போனார்கள்.

"மயிலை, உனக்குச் சம்மதமா?"

ஈ மொய்த்தது. மயிலை தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது.

குழந்தைவேலுவுக்கு உயிர் போய் வந்தது. மாடக்கண்ணு பூசணிக்காயைக் கல்லில் உடைத்து மாட்டின் முன்னால் வைத்தார். மயிலை மென்றது. மெல்ல மெல்லத் தலை மேலும் கீழுமாக ஆடியது.

"சம்மதிச்சிட்டு" என்றார் பூசைத்துரை. பெண்கள் குலவை போட்டார்கள். அந்தச் சத்தத்தில் திருமலையப்பன் அசந்த நேரம், மயிலை எட்டி அவர் கையிலிருந்த தட்டில் வெற்றிலை, வாழைப்பழம், கட்டியிருந்த பூ எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தது.

திருமலையப்பன் காலித் தட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"தட்டு மாறிட்டு" என்றார் வெயிலுகந்தான். "மாட்டோட."

"இன்னொரு தட்டு இருக்கு, அதைப் பிள்ளைங்களுக்கு மாத்திக்கலாம்" என்றார் திருமலையப்பன். "ஆனா தட்டு வாங்கினவுக ராசிக்குப் பாட்டுப் படிக்காம விடமாட்டேன். வழக்கம் வழக்கம்தான். மாட்டுக்கு என்ன ராசி?"

குழந்தைவேலுவும் வடிவாம்பாவும் இன்னும் நுகத்தடியைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்கள். ரெண்டு வீட்டாரும் மயிலையைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள். கொம்பைப் பார்த்தார்கள், திமிலைத் தடவிப் பார்த்தார்கள், வாலைத் தூக்கிப் பார்த்தார்கள். பன்னிரண்டு ராசியையும் விரல் விட்டு ரெண்டு தரம் எண்ணினார்கள். மாட்டுக்குத் தோதாக ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் பூசைத்துரைதான் கண்டுபிடித்தார்.

"தண்ணி எம்புட்டுக் குடிக்குது பாருங்க. மீனம்."

எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். மாடக்கண்ணு அப்போதே அடுத்த சொல் தேடிச் சந்தைக்குப் புறப்பட்டார், வாசலில் விட்ட செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு.