கடல் கேட்ட கனம்

முன்னொரு காலத்தில், அரசர் ஆசைப்பட்டதற்கெல்லாம் தச்சர் கை வலித்த ஒரு கடலோர நாட்டை மகரகேது என்னும் மன்னர் ஆண்டுவந்தார். அரண்மனையைப் போலவே ஐந்தடுக்குக் கப்பல் வேண்டும் என்றார். கட்டினார்கள். மேலே சிங்காதனம், தந்தக் கட்டில், வெண்கல விளக்குகள். கீழ்த்தளத்தில் வெறும் இருட்டு.

கடலில் இறக்கிய அன்றே கப்பல் ஆடியது. காற்றில்லை. மீனவர் தோணிகள் சும்மா நின்றன. இது மட்டும் தூக்கம் வராத நோயாளி போல இப்படியும் அப்படியும் புரண்டது. புரளும்போதெல்லாம் அடியிலிருந்து ஒரு முனகல். உச்சி வெயிலிலும் மாலுமிகள் நடுங்கினார்கள்.

"கடல் உயிர்ப்பலி கேட்கிறது, மன்னா," என்றார் அமைச்சர் கலிதீர்த்தார். "தங்களைச் சிரிக்க வைக்கும் உயிரே வேண்டுமாம்." விகடகவி சாத்தப்பன் மேல் அவருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல்.

மன்னரும் பயந்திருந்தார். "சாத்தப்பனை அவைக்குரிய மரியாதையோடு, உயிருடன், கீழ்த்தளத்தில் கல்லறையில் வையுங்கள். இனிக் கப்பல் ஆடக் கூடாது!"

சாத்தப்பன் கைகூப்பினான். "உத்தரவு, மன்னா. அவையில் ஒருவர் மறைந்தால் அவையினர் எல்லோரும் தம் கையாலேயே கல் சுமந்து கல்லறை அடுக்குவதுதானே நம் மரியாதை? முதலில் அது முடியட்டும். பிறகு படுக்கிறேன்."

முந்நூறு பேர் சுமந்தார்கள். பொறாமைக்காரர்கள் பத்துத் தடவை நடந்தார்கள். இவன் ஆவியாகக்கூட எழுந்துவிடக் கூடாதே! அமைச்சரோ ஆட்டுக்கல் பருமனில் பார்த்துப் பார்த்துத் தூக்கினார். கப்பலின் நீளத்துக்குக் கல்லறை வளர்ந்தது. நடுவில் ஓராள் படுக்கக் குழி.

"இறங்கு," என்றார் அமைச்சர்.

சாத்தப்பன் ஒரு காலை உள்ளே வைத்தான். கல் சில்லென்றிருந்தது. "மன்னா, கப்பல் ஆடாமலிருக்கத்தானே நான் படுக்க வேண்டும்? இப்போது ஆடுகிறதா?"

கல் அடுக்குவதற்காகக் கட்டியிருந்த தொங்குவிளக்கை எல்லோரும் பார்த்தார்கள். அது அசையவில்லை. முனகலும் நின்றிருந்தது.

"மேலே பாரம், அடியில் ஒன்றுமில்லை. அதனால்தான் புரண்டது. கடல் கேட்டது கனத்தை. அதை அமைச்சரே கொடுத்துவிட்டார்."

மன்னர் ஐந்து அடுக்கும் அதிரச் சிரித்தார். அமைச்சர் கையிலிருந்த கல்லை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தார்.

மேல்தளத்துக்கு ஏறியதும் மன்னர் கேட்டார்: "நீ வாய் திறக்காமல் படுத்திருந்தால்?"

"அப்போதும் கப்பல் நின்றிருக்கும், மன்னா. என் உயிர்தான் நிறுத்தியது என்று நம்பியிருப்பீர்கள். அடுத்த கப்பலுக்கும் ஓராளைத் தேடியிருப்பீர்கள்."

மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். மாலை போடும்போதே அவர் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எதிரே துறையில், அவருடைய பாட்டனார் காலத்துக் கப்பல்கள் ஆடாமல் அசையாமல் நின்றிருந்தன. அவற்றின் அடியிலும் கல்லறைகள் உண்டு. அவை காலியில்லை.