பூட்டிய கோதாவுக்குச் சந்தா

ரொம்பக் காலத்துக்கு முந்தி, வேங்கைநாட்டுச் சீமையை உக்கிரசிம்மன் என்று ஒரு ராசா ஆண்டுவந்தான். காலையில் போட்ட உத்தரவைச் சாயங்காலம் மாற்றுகிற ஆள். அவனிடம் மாறாமல் இருந்தது மல்யுத்தப் பித்து ஒன்றுதான். அவன் தாத்தா ஏற்படுத்திய மல்லர் சபை தலைநகரில் இருந்தது. சபையில் பெயர் இருந்தால் மல்லர் தெருவில் குடியிருக்க வீடு உண்டு. அதற்குச் சந்தா, மாதம் ஒரு படி நல்லெண்ணெய்.

அந்த வருஷம் கொள்ளைநோய் வந்தது. ராசா பயந்துபோய், மல்யுத்தம் நடக்கும் கோதாவைப் பூட்டச் சொன்னான். சுற்றியிருந்த ஊர்கள் எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டு, வெளியாள் யாரையும் உள்ளே விடவில்லை. நோயில் பலர் போய், அரசவையில் பாதி ஆசனங்கள் காலியாகிவிட்டன. அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நாலு மாதம் இப்படிப் போயிற்று. சபைத் தலைவர் வஸ்தாது திம்மப்பர் மல்லர் தெருமுனையில் ஓர் அண்டாவை வைத்துத் தண்டோரா போடச் சொன்னார். நாலு மாதச் சந்தாவையும் அமாவாசைக்குள் அண்டாவில் ஊற்றாதவன் பெயர் அடிக்கப்படும், அவன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தெருவில் பலர் சமையலுக்கு வைத்திருந்ததைக் கொண்டுவந்து ஊற்றினார்கள்.

காத்தமுத்து வீட்டிலிருந்து ஒரு சொட்டும் போகவில்லை. போன திருவிழாவில் ராசா அவன் தோளைத் தட்டிக்கொடுத்ததிலிருந்து, அவன் பெயரைக் கேட்டாலே வஸ்தாதின் முகம் சுண்டிவிடும். அந்தக் காத்தமுத்து எட்டு நாளாகப் பாயில் கிடந்தான். இரண்டு பேர் சேர்ந்து அசைக்க முடியாத உடம்பை இப்போது அவன் மனைவி பவளாயி ஒருத்தியே புரட்டிப் படுக்க வைத்தாள்.

"பூட்டிக் கிடக்கிற கோதாவுக்கு எதற்கு எண்ணெய்?" என்றாள் அவள்.

"கட்டிவிடு, பவளம். சபையில் பெயர் போய்விட்டால் நான் வெறும் ஆள்" என்றான் அவன்.

கட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பதை அவள் சொல்லவில்லை. வீட்டை விட்டால் எந்த ஊர் முள்ளைத் தாண்டி இவனைத் தூக்கிக்கொண்டு போவது? யோசித்துப் பார்த்தாள். மறுநாள் காலை அரண்மனைக்கு நடந்தாள்.

நோய் வீட்டுக்காரி என்பதால் அரசவை வாசலுக்கு வெளியே நாற்பது முழம் தள்ளி நிறுத்தினார்கள். ராசா உள்ளே வேப்பம்புகைக்கு நடுவே உட்கார்ந்திருந்தான்.

"சந்தாவைத் தள்ளிவிடச் சொல்லி அழ வந்திருக்கிறாள், மகாராசா" என்றார் பக்கத்தில் நின்ற திம்மப்பர். "கோதா திறந்திருக்கும்போது சபை வேண்டும், பூட்டினால் வேண்டாமா? குடும்பம் மாதிரிதானே சபையும்?"

"வஸ்தாது ஐயா சொல்வது நியாயம்" என்றாள் பவளாயி. "சந்தா கட்டத்தான் வேண்டும். ஆனால் ராசாவின் தாத்தா வைத்த முறைப்படி வாங்கிக்கொள்ளட்டும்."

தாத்தா பேச்சு வந்ததும் ராசா நிமிர்ந்தான். "என்ன முறை?"

"மல்லன் தன் கையால் கொடுக்க வேண்டும். வஸ்தாது வாங்கி, ஒரு கை எண்ணெயை அவன் மார்பிலும் தோளிலும் தேய்க்க வேண்டும். தேய்த்தால்தான் சந்தா சேர்ந்ததாகக் கணக்கு. வேலைக்காரனிடம் எண்ணெயைக் கொடுத்துவிட்டுக் கோதாப் பக்கமே வராதவர்களுக்காக உங்கள் தாத்தா வைத்தது."

"அது கோதாவில் செய்கிற காரியம், அம்மா" என்றார் திம்மப்பர்.

"போன வருஷம் வீரணனுக்குக் கால் முறிந்தபோது, நீங்களே வீட்டுக்குப் போய்த் தேய்த்துவிட்டு வாங்கிவந்தீர்களே?"

"அது கால் முறிவு."

"என் வீட்டுக்காரர் மட்டும் எழுந்து நடக்கிறாரா?"

ராசாவுக்குச் சுவாரசியம் தட்டியது. "நியாயம்தானே? புறப்படும், திம்மப்பரே. மார்பில் நன்றாகத் தேய்த்துவிட்டு வாரும்."

திம்மப்பர் கைகளை அங்கவஸ்திரத்துக்குள் இழுத்துக்கொண்டார். "மகாராசா, நோய் இருக்கிற வீடு... அந்த வழக்கம் இப்போதைக்கு ஓய்ந்திருக்கட்டுமே. நோய் போன பிறகு தேய்த்துக்கொள்ளலாம்."

"அப்படியே ஆகட்டும், ஐயா" என்றாள் பவளாயி. "உங்கள் கை வருகிற அன்றைக்கு எங்கள் எண்ணெயும் வரும்."

ராசா சிரித்துவிட்டான். நாலு மாதத்தில் முதல் சிரிப்பு. கூடச் சிரிக்க ஆள் தேடிக் காலி ஆசனங்கள் பக்கம் திரும்பியவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

"ஒன்று கேட்கிறேன். இவர் சரி என்று புறப்பட்டிருந்தால், உன் வீட்டில் நாலு படி எண்ணெய் இருக்கிறதா?"

"ஆழாக்குக்கூட இல்லை, மகாராசா."

"பிறகு எந்தத் தைரியத்தில் வந்தாய்?"

"வரமாட்டார் என்ற தைரியத்தில்தான். நாலு மாதமாக எங்கள் தெருவுக்கு யாருமே வரவில்லை." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீங்களும்தான்" என்றாள்.

ராசா கையால் புகையை விலக்கி அவளைப் பார்த்தான்.

"பூட்டைப் போட்டவன் நான்" என்றான். "பூட்டு தொங்குகிறவரை சந்தா கிடையாது. யார் பெயரையும் அடிக்கக் கூடாது, யாரும் வீட்டை விட வேண்டாம். இவளுக்கு இரண்டு மூட்டை அரிசி கொடுங்கள். திம்மப்பரே, மார்பில் தேய்க்காமல் வாங்கிய எண்ணெய் சந்தாவில் சேராது. அண்டாவை நீரே சுமந்து போய், ஒவ்வொரு வாசலிலும் மல்லன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடும். கொடுக்காத வீட்டுக்கும் உம் எண்ணெயில் ஒரு படி ஊற்றும்."

அன்று சாயங்காலம் திம்மப்பர் தலையில் அண்டாவோடு மல்லர் தெருவுக்கு வந்தார். முதல் வாசலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு பெண் கதவைத் திறந்து சட்டியை நீட்டினாள். இரண்டாவது வாசலில் கூப்பிட்டார். கதவு திறக்கவில்லை, உள்ளே விளக்கும் இல்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டுப் பார்த்தார். மூன்றாவதும் அப்படியே. நாலாவது வாசலில் அவர் குரலில் அதிகாரம் இல்லை. கெஞ்சுவதுபோல இருந்தது.

"யாரைக் கூப்பிடுகிறார்?" என்று பாயிலிருந்து காத்தமுத்து கேட்டான்.

"எல்லாரையும்தான்."

குரல் அவர்கள் வாசலுக்கு வந்தது. "காத்தமுத்து."

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. பவளாயி அவன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள்; துடிப்பு இருந்தது. பிறகு வாசல் பக்கம் திரும்பி, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"இருக்கிறார்."