நெய்யாளை ஒளித்த மடிப்பன்

அந்தக் காலத்தில், உயிரணுவுக்குள் இருப்பவையும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, மடிப்பன் என்றொரு புரதம் இருந்தான். கதவுக் காவல் அவன் வேலை. வெளியே ஆபத்து என்று சுண்ணன் ஓடிவந்து சொன்னால் உடனே கதவைச் சாத்த வேண்டும். (சுண்ணன் என்பவன் கால்சியம், சுண்ணாம்பு வம்சம்.) சாத்தாவிட்டால் வெள்ளம் புகுந்து உள்ளே இருப்பவர்கள் போய்விடுவார்கள். ஆனால் கதவு பதிந்திருந்த சுவர் முழுக்கக் கொழுப்பு. தண்ணீரில் வளர்ந்த மடிப்பனுக்கு அதில் பிடிப்பே கிடைக்கவில்லை.

அவன் நெய்யாள் என்ற கொழுப்பமிலத்திடம் போனான். சாதிக்காய்க் கொழுப்பில் அவளுக்கு உறவினர் ஏராளம்.

"என் தலையில் ஒட்டிக்கொள் தாயே. உன்னைப் பிடித்துக்கொண்டு சுவரில் நிற்பேன்."

"ஒட்டலாம். கோத்த அமினோ அமில மணிகள்தானே உன் உடம்பு? முதல் மணியை வெட்டியெறிய வேண்டும். ஒட்டிய பிறகு பிரிய முடியாது. அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது."

"சத்தியமாக மாட்டேன்."

வெட்டினார்கள், ஒட்டினார்கள். மறுநாளே தண்ணீர்ப் பக்கத்துப் புரதங்களில் இருவர் அவனைக் கேலிக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னடா மடிப்பா, பஜ்ஜிச் சட்டியில விழுந்து எழுந்தியா?"

"தள்ளி நில்லுப்பா, பிசுபிசுங்குது! யாருடா அது தலையில?"

மடிப்பனுக்குக் காது சிவந்தது. (புரதத்துக்குக் காது கிடையாது, இருந்தாலும் சிவந்தது.)

"தலையிலா? யாருமில்லையே" என்றபடி நெய்யாளை வளைத்துத் தன் மடிப்புக்குள் திணித்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துச் சுண்ணன் ஓடிவந்தான். "கதவு! கதவைச் சாத்து!"

மடிப்பன் பாய்ந்தான். சுவரில் பிடி கிடைக்காமல் வழுக்கினான். அந்த இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் அப்போதும் அவளை வெளியே விடவில்லை. வெள்ளம் பீறிட்டது.

சுண்ணன் பொறுமையிழந்து அவன் இடுப்பை இறுக்கிப் பிடித்தான். மடிப்புகள் விரிந்தன. எல்லோரும் பார்க்க நெய்யாள் வெளியே வந்து, நேராகச் சுவருக்குள் நுழைந்து பிடித்துக்கொண்டாள். மடிப்பன் நின்றான், கதவைச் சாத்தினான். அதற்குள் கேலி செய்தவர்களில் ஒருவன் வெள்ளத்தோடு போயிருந்தான்.

"நான் உன்னை..." என்று தொடங்கினான் மடிப்பன்.

"கதவைப் பார்" என்றாள் நெய்யாள்.

அவளைப் பிறருக்குக் காட்டத்தான் முன்பு வெட்கப்பட்டான். இப்போது அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. பிரியவும் வழியில்லை. அதனால் வெள்ளம் அடங்கியதும் அவளை மறுபடி மடிப்புக்குள் வைத்துக்கொண்டான்.

அன்று முதல்தான் மடிப்பன் வம்சத்துப் புரதங்கள் தம்மோடு ஒட்டிய கொழுப்பை மடிப்புக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு, கால்சியம் வந்து பிடித்தால் மட்டும் வெளியே விடுகின்றன.