குழாய் வாயில் மூக்குத்தி

ஏற்காட்டில் மங்கையர்க்கரசி அம்மாவின் தியான மடம் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. தரை முழுக்க மரப்பலகை. நடுவே விரல் நுழையாத இடுக்குகள். விழுந்தது விழுந்ததுதான்.

அம்மாவின் சீடர் கோதண்டம் பஞ்சாலையில் மெஷின் பார்த்து ஓய்வு பெற்றவர், அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர். கண்ணை மூடி உட்காரச் சொன்னால் உட்காருவார். கைதான் சும்மா இருக்காது. இடுக்கில் விழுந்ததை எடுக்க, மடத்து வேக்குவம் கிளீனரின் குழாயில் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி மாட்டினார். அதன் நுனியில் ஒரு பேனாக் கூடு. கூட்டின் வாயில் பழைய நைலான் சாக்ஸ் துண்டு, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியது.

"துணி எதுக்கு?" என்று கேட்டார் அம்மா.

"காத்து உள்ளே போயிடும்மா. பொருள் வாசல்லயே நின்னுடும்."

அம்மா ஒரு மிளகை இடுக்கில் போட்டுப் பார்த்தார். வந்தது. இன்னொன்று போட்டார். அதுவும் வந்தது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் யாரும் எதையும் கீழே போடவில்லை. பாவம் மனுஷர், வருகிறவர்களின் காதையும் மூக்கையும் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மத்தியானம் ஆத்தூர் செண்பகவல்லியின் மூக்குத்தி கழன்று இடுக்கில் விழுந்தது. அந்தம்மா அழுதே விட்டார்.

"தங்கச்சியோடது. ஆறு மாசம் பேசாம இருந்து, இப்பத்தான் சமாதானமாகி ஆசையாப் போட்டு அனுப்பினா. தொலைஞ்சுதுன்னா நம்புவாளா? ரெண்டு மணி பஸ்ஸுக்கு வேற போகணும்."

கோதண்டம் மெஷினோடு ஓடி வந்தார். முதலில் ஒரு ஊக்கு வந்தது. அப்புறம் வளையல் சில்லு. அப்புறம் 'டிக்' என்று ஒரு சத்தம். நைலானில் மூக்குத்தி ஒட்டிக்கொண்டிருந்தது.

கூட்டம் சேர்ந்துவிட்டது. கோதண்டம் குழாயைத் தலைக்கு மேல் தூக்கினார்.

"வேட்டித் துணி போட்டா வருமா சார்?" என்றார் ஒருவர்.

"வராது. கெட்டித் துணின்னா இழுக்காது. ரொம்ப மெலிசுன்னா கிழிஞ்சிடும். நான் ஏழு துணி மாத்திப் பார்த்தேன்."

"பேனாக் கூடு எந்த அளவு?"

அதையும் சொன்னார். மெஷின் இரைந்துகொண்டே இருந்தது. செண்பகவல்லி கையை நீட்டியபடி நின்றார். கீழே ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது.

அம்மா எழுந்து வந்தார். கோதண்டத்தின் கையைப் பிடித்து, குழாயை செண்பகவல்லியின் உள்ளங்கைக்கு நேராக இறக்கி, காலால் ஸ்விட்சை அமுக்கி மெஷினை நிறுத்தினார். மூக்குத்தி விழுந்தது. அந்தம்மா கும்பிட்டுவிட்டு ஓடினார்.

கோதண்டத்துக்கு முகம் வாடிவிட்டது.

"நல்லாத்தானேம்மா வேலை செஞ்சுது. கிடைச்சப்புறம்தானே பேசினேன். அதுல என்ன தப்பு?"

"உங்களுக்குக் கிடைச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு, கோதண்டம்," என்றார் அம்மா. "அவங்களுக்கு இப்பத்தான் கிடைச்சுது."