எபனேசரின் ஏழு செயலிகள்

குருவுக்கு வயது இருபத்தாறு. சீடருக்கு ஐம்பத்தொன்று. எண்களை நான் மாற்றி எழுதிவிடவில்லை. சதுரங்கத்தில் இதெல்லாம் சகஜம்.

குருவின் பெயர் நஸ்ரின். ராணிப்பேட்டையில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் ஞாயிறுதோறும் காலையில் செஸ் வகுப்பு நடத்துகிறார். சீடர் எபனேசர், ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவின் சூப்பர்வைசர். அந்தக் கம்பெனியின் செஸ் அணியில் ஐந்தாவது பலகை அவருடையது.

தோல் கம்பெனிகளுக்குள் வருடா வருடம் குழுப் போட்டி நடக்கும். அணிக்கு ஐந்து பேர். அந்த ஐந்தாவது நாற்காலியில் உட்கார்ந்து எபனேசர் நான்கு வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு டிரா? அதுகூட இல்லை.

கேப்டன் முனிரத்தினம் நல்ல மனிதர். நல்லவராக இருந்ததால்தான் நான்கு வருடம் பொறுத்தார்.

"அண்ணே, இந்தத் தடவை பார்ப்போம். இதுவும் போச்சுன்னா ஸ்டோர்ஸ் தனசேகரை உட்கார வைக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

எபனேசர் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டார். கம்பெனியில் முப்பது வருடம் வேலை பார்த்ததில், ஆசைப்பட்டு அவர் உட்கார்ந்த இடம் அந்த ஒரு நாற்காலிதான். போட்டிக்கு ஆறு வாரம் இருந்தது. அடுத்த ஞாயிறே மாடிப்படி ஏறிவிட்டார்.

"டீச்சர், ஒரே ஒரு கேள்வி. எந்த சாப்ட்வேர் வாங்கணும்?"

"இப்ப என்ன வெச்சிருக்கீங்க சார்?"

எபனேசர் போனை நீட்டினார். ஏழு செயலிகள். உலகத்தில் எவனையும் செஸ்ஸில் தோற்கடிக்கும் என்ஜின் என்கிற கணினி நிரல் ஒன்று. லட்சக்கணக்கான பழைய ஆட்டங்கள் அடங்கியது ஒன்று. காசு கட்டிச் சேர்ந்த வீடியோ பாடங்கள் இரண்டு. மீதி மூன்று எதற்கு என்று அவருக்கே மறந்துவிட்டது. ஒவ்வொரு முறை தோற்றதும் வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலேயே போனில் புதிதாக ஒரு செயலியை இறக்கிக்கொள்வது அவர் வழக்கம். கையில் ஒரு தடிமனான புத்தகமும் இருந்தது. மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.

நஸ்ரின் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"வாங்க, ஒரு ஆட்டம் போடலாம்."

எபனேசருக்கு உற்சாகம் தாங்கவில்லை. வெள்ளைக் காய்களை எடுத்துக்கொண்டார். லண்டன் சிஸ்டம் என்று ஒரு தொடக்கம் உண்டு. எதிரி எதை ஆடினாலும் கிட்டத்தட்ட ஒரே எட்டு நகர்வுதான் என்று வீடியோவில் வரும் ஆள் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார். அதற்காக நாற்பது வீடியோ பார்த்தவர் இவர். சிப்பாய், மந்திரி, சிப்பாய் என்று மடமடவென்று ஆடினார்.

மூன்றாவது நகர்வில் நஸ்ரின் தன் ராணியைக் கொண்டுவந்து அவருடைய மந்திரிக்கு நேர் எதிரே வைத்தார்.

எபனேசர் குதிரையை எடுத்து வெளியே வைத்தார். அடுத்து ஒரு சிப்பாய். அடுத்து இரண்டாவது மந்திரி. எட்டும் முடிந்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"எட்டும் வரிசை தப்பாம வந்துச்சு, பாத்தீங்களா டீச்சர்?"

"வந்துச்சு சார். என் ராணி எங்க இருக்கா?"

எபனேசர் குனிந்து பார்த்தார். பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"அட கர்த்தரே! இது எப்ப வந்துச்சு?"

"அஞ்சு நகர்வா அங்கதான் நிக்கறா. உங்க மந்திரி ஒரு எட்டு வெச்சிருந்தா அவளை வெட்டியிருக்கலாம்."

எபனேசருக்குக் காது மடல் சுட்டது. வெட்கமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. பக்கத்து மேசையில் எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"சரி டீச்சர். அதுக்குத்தான் கேக்கறேன். எதை வாங்கணும்?"

"வீட்ல எப்படிப் படிப்பீங்களோ அப்படியே இப்ப படிச்சுக் காட்டுங்க."

எபனேசர் வீடியோவைப் போட்டார். வீடியோ ஆள் பேசினார், இவர் தலையாட்டினார். பிறகு என்ஜினைத் திறந்தார். அது பச்சை அம்புக்குறி போட்டு எங்கே ஆட வேண்டும் என்று காட்டியது. இவர், "ஆமாமா, இதான் நானும் நெனச்சேன்" என்றார். பழைய ஆட்டங்கள் விரல் தட்டத் தட்ட ஓடின. அரை மணி நேரம் போனது.

"முடிஞ்சுதா சார்?"

"முடிஞ்சுது."

"இதுல நீங்க யோசிச்சது எந்த இடத்துல?"

எபனேசர் போனில் அந்த இடத்தைத் தேடினார். மறந்துபோன மூன்று செயலிகளில் ஒன்றைத் திறந்து பார்த்தார். சின்னச் சின்னப் புதிர்கள். பலகை வரும், நகர்வை நாமே கண்டுபிடிக்க வேண்டும். காசே கிடையாது.

"இதுவா டீச்சர்? இது சின்னப் புள்ளைங்களோடது. ரெண்டு நகர்வுப் புதிர்."

"பத்து போட்டுப் பாருங்க."

பத்தில் ஆறு தப்பு. எபனேசர் அதற்கப்புறம் வாதாடவில்லை.

நஸ்ரின் மூன்று விஷயம்தான் சொன்னார். தினம் இருபது புதிர், ஆனால் விடை தெரிகிறவரை விரல் திரையைத் தொடக் கூடாது. புத்தகத்தைப் பிரித்து, மரப்பலகையில் காய்களை அடுக்கிவைத்துப் படிக்க வேண்டும். என்ஜினைத் திறக்கலாம், ஆனால் தன் தப்பு எது என்று தாளில் தானே எழுதிய பிறகுதான்.

"லண்டன் சிஸ்டம்?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும் சார். எதிராளி ஒண்ணு ஆடினதும், 'இவர் எதுக்கு இப்படி ஆடினார்'னு மட்டும் கேளுங்க."

ஆறு வாரம் எபனேசர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கேன்டீனில் சாம்பார் சாதம் ஆறிப்போகப் புதிரோடு உட்கார்ந்திருந்தார். தனசேகர் வேண்டுமென்றே எட்டிப் பார்த்து, "அண்ணே, எல்கேஜி பாடமா?" என்றான். எபனேசருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விரலைத் திரையில் வைக்கவில்லை.

போட்டி நாள் வந்தது. ஐந்தாவது பலகையில் எதிரே கோதண்டபாணி. போன வருடம் எபனேசரைப் பதினான்கே நகர்வில் முடித்தவர். "வாங்க சார், சீக்கிரம் முடிச்சிட்டு டீ குடிக்கலாம்" என்றார்.

மூன்றாவது நகர்விலேயே கோதண்டபாணி ஒரு சிப்பாயைத் தள்ளி எபனேசரின் மந்திரியை விரட்டினார். வரிசைப்படி இப்போது குதிரை. கை குதிரை வரை போய்விட்டது. நல்லவேளை, தொடவில்லை; தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும். இவர் எதுக்கு இப்படி ஆடினார்? கையை இழுத்துக்கொண்டு, மந்திரியைப் பத்திரமாகப் பின்னால் வைத்தார்.

கோதண்டபாணி நிமிர்ந்து பார்த்தார்.

பதினான்கு நகர்வு தாண்டியது. இருபது தாண்டியது. மற்ற நான்கு பலகைகளும் முடிந்து இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. முனிரத்தினம் எபனேசரின் பின்னால் வந்து நின்று நகம் கடித்தார். இனி எல்லாமே இந்தப் பலகைதான்.

இருபத்து மூன்றாவது நகர்வில் கோதண்டபாணி ராணியை ஒரு கட்டம் ஒதுக்கி வைத்துவிட்டு, கடிகாரத்தைத் தட்டினார். எபனேசர் கேட்டுக்கொண்டார். எதுக்கு? பதில் தேடிப் பலகை முழுதும் கண்ணை ஓட்டினார். தன் குதிரை தாவினால் அவர் ராஜாவுக்குச் செக். அதே தாவலில் ராணியும் மாட்டும். இருபது இருபதாகப் போட்ட புதிர்களில் எத்தனையோ தடவை பார்த்த அதே கோலம்! குதிரையை யாராவது வெட்ட முடியுமா? சிப்பாய்? இல்லை. யானை? இல்லை. இன்னொரு தடவை பார்த்தார். இல்லவே இல்லை.

குதிரையைத் தாவ வைத்தார்.

"செக்."

கோதண்டபாணி பத்து நிமிடம் பலகையைப் பார்த்தார். ராணியை இழந்தும் நாலைந்து நகர்வு முண்டிப் பார்த்தார். பிறகு கடிகாரத்தை நிறுத்திவிட்டு எழுந்து கை நீட்டினார்.

"நல்லா ஆடினீங்க சார்."

முனிரத்தினம் போட்ட கூச்சலில் நடுவர் ஓடிவந்தார். "வெளியே போய்க் கத்துங்கய்யா!" வெளியே போய்க் கத்தினார்கள். எபனேசரைத் தூக்கிக்கொண்டே போனார்கள். தூக்கியவர்களில் முதல் ஆள் தனசேகர். ஐம்பத்தொரு வயது மனிதர் அவன் தோள்மேல் உட்கார்ந்து கண்ணீர் விட்டுச் சிரித்தார்.

மறுநாள் ஞாயிறு. இனிப்போடு வருவார் என்று நஸ்ரின் எதிர்பார்த்த எபனேசர், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"என்ன சார், ஜெயிச்சீங்கன்னு கேள்விப்பட்டேனே!"

"ஜெயிச்சேன் டீச்சர். நீங்க சொன்ன மாதிரி முதல்ல நானே எழுதினேன். அப்புறம்தான் என்ஜின்ல போட்டேன்." போனை நீட்டினார். குதிரை தாவிய நகர்வின் மேல் சிவப்பாக ஒரு கேள்விக்குறி. "அந்த எடத்துல மூணே நகர்வுல முடிச்சிருக்கலாமாம். நான் ஆடினது தப்புன்னு காட்டுது."

"ஆமா, காட்டுது."

"அப்ப நேத்து நான் ஆடினது ஆட்டமே இல்லையா டீச்சர்?"

நஸ்ரின் அந்தத் திரையை நிதானமாகப் பார்த்தார். என்ஜின் சொன்ன மூன்று நகர்வையும் பலகையில் ஆடியும் பார்த்தார்.

"என்ஜின் காட்டறதும் அழகான நகர்வுதான் சார். அடுத்த வாரம் இதையும் படிப்போம்" என்றார். பிறகு கேட்டார்: "நேத்து கோதண்டபாணி எழுந்து யாருக்குக் கை குடுத்தார்?"