ஓட மறுத்த ஹார்டு டிஸ்க்

"அம்மா, அந்தக் கம்ப்யூட்டர் என் உயிரை வாங்குகிறது" என்றார் மாசிலாமணி.

ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்று மலையடிவார ஆசிரமத்தில் சேர்ந்தவர். பார்வையற்ற பிள்ளைகளின் பாடப் புத்தகங்களை பிரெய்லுக்கு மாற்றுவது அங்கே அவர் வேலை.

ஆசிரமத்தின் குரு அரசி அம்மா, வயதில் அவரைவிட இளையவர்.

"என்ன செய்கிறது?"

"ஒரு பக்கம் திறக்க ஒரு யுகம் ஆகிறது. பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கிவிட்டது."

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"என்னதான் செய்யவில்லை? வேண்டாததை அழித்தேன். வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தேன். டிஸ்க்கில் சிதறிக் கிடப்பதைத் தினமும் வரிசைப்படுத்துகிறேன். வேகம் குறைந்துகொண்டேதான் போகிறது."

அம்மா எழுந்து அவரோடு போனார். மேசைக்கு அடியில் குனிந்து, கம்ப்யூட்டர் பெட்டியில் காதை வைத்தார்.

"நீங்களும் கேளுங்கள், ஐயா."

மாசிலாமணி முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

டக். டக்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும், டக்.

"இதற்குள் என்ன இருக்கிறது?"

"எல்லாப் புத்தகங்களும்."

"வேறு எங்கே இருக்கிறது?"

"வேறு எங்கும் இல்லை, அம்மா."

"தலைச்சுமையோடு ஒருவர் தள்ளாடி வருகிறார்" என்றார் அம்மா. "நீங்கள் அவரை ஓடச் சொல்கிறீர்கள்."

டிஸ்க் சாகும் தறுவாயில் இருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் நிறுத்தினார். டவுனுக்குப் போய்ப் புது டிஸ்க் வாங்கிவந்தார். ஒவ்வொரு புத்தகமாக அதற்கு மாற்றினார்.

அவசரப்படுத்தவில்லை. அது நின்றபோதெல்லாம் அவரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

கணக்கு வந்தது. அறிவியல் வந்தது. வரலாறு பாதியில் திக்கி நின்றது. மாசிலாமணி மூச்சுவிடவில்லை. பிறகு அதுவும் வந்து சேர்ந்தது.

மறுநாள் காலை பொத்தானை அழுத்தினார். பழைய டிஸ்க் எழுந்திருக்கவே இல்லை.

கண் கலங்க, சிரித்துக்கொண்டே அம்மாவிடம் ஓடினார்.

"போய்விட்டது அம்மா! செத்தே போய்விட்டது!"

"புத்தகங்கள்?"

"ஒன்றுகூட விடாமல் புது டிஸ்க்கில் இருக்கிறது. அப்பாடா! இன்றைக்குத்தான் சோறு இறங்கும்."

அம்மாவும் சிரித்தார். "உட்காருங்கள். காபி குடியுங்கள்."

மாசிலாமணி உட்கார்ந்தார். காபியை ஆற்றிக் குடித்தார்.

"நாளைக்குப் புத்தகங்களை இன்னொரு பிரதி எடுத்து வைத்துவிடுகிறேன், அம்மா."

"நாளைக்கா?"

பாதிக் காபியோடு டம்ளர் தரையில் இருந்தது. மாசிலாமணி வாசலைத் தாண்டியிருந்தார்.